காரின் மேல் பச்சைச் சாயம் எதற்கு?

ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயங்கள் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது, எல்லா அணிகளும் ஓரிடத்தில் கூடித் தங்கள் புதிய கார்களை ஓட்டிச் சோதிப்பது வழக்கம். ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவும் வளைகுடா நாடாகிய பஹ்ரைனும் இதற்குப் பெயர் பெற்றவை. அங்கு வெளியாகும் நேரப் பட்டியலை வைத்துக்கொண்டு, 'இவ்வாண்டு இந்த அணிதான்' என்று அடித்துப் பேசுவோர் பலர். நானும் அப்படிப் பேசி மூக்குடைபட்டவன். ஆதலின் இக்கட்டுரை.

நேரப் பட்டியலை ஏன் நம்பலாகாது? காரில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்பதை எந்த அணியும் வெளியே சொல்வதில்லை. 10 கிலோ எரிபொருள் கூடினால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 விநாடி கூடும். 50 கிலோவைக் கூடுதலாகச் சுமந்தால் ஒன்றரை விநாடி மறைந்துவிடும்! ஆகவே, கடிகாரத்தை விட்டுக் காரைப் பார்க்க வேண்டும்.

விமான இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது. அதையே கவிழ்த்து வைத்தால் காரைத் தரையோடு அழுத்தும். வளைவில் டயர் வழுக்காது. ஆனால் இறக்கையை நிமிர்த்த நிமிர்த்தக் காற்றுத் தடையும் கூடி, நேர்பாதையில் வேகம் குறையும். இரு விசைகளும் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்பவை: வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. எனவே ஒரு கார் நேர்பாதையில் பறந்தால் உடனே எஞ்சினைப் புகழ்ந்துவிடக் கூடாது. மெல்லிய இறக்கையை மாட்டியிருக்கக் கூடும். அதே கார் வளைவில் எப்படித் திரும்புகிறது என்று பார்த்த பிறகே வாய் திறக்கலாம்.

இனிப் பச்சைச் சாயத்துக்கு வருவோம். மெல்லிய எண்ணெயில் ஒளிரும் பொடியைக் கலந்து இறக்கையிலோ பக்கங்களிலோ பூசிக் காரை அனுப்புகிறார்கள். காற்று அதை இழுத்துச் சென்று கோடு போடுகிறது. கோடுகள் சீராக ஓடினால் காற்று உடலை ஒட்டிச் செல்கிறது என்று பொருள். ஓரிடத்தில் சாயம் தேங்கியோ தாறுமாறாக அலைந்தோ கிடந்தால், அங்கே காற்று பிரிந்துவிட்டது.

சில வேளைகளில் முன்சக்கரத்துக்குப் பின்னால் பெரிய கம்பிச் சட்டம் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதில் வரிசையாக இருப்பவை நாம் இயற்பியல் வகுப்பில் படித்த பிட்டோ குழாயின் உறவினங்களே. பிட்டோ என்னும் பிரெஞ்சுக்காரர் 1732இல் ஆற்று நீரோட்டத்தை அளக்கக் கண்டது, இன்று பந்தயக் காரில் ஏறியிருக்கிறது! இவ்வளவு பாடு எதற்கு? காற்றுச் சுரங்கத்தில் 60 சதவீத அளவுள்ள மாதிரியை, விநாடிக்கு 50 மீட்டர் வேகத்துக்குள் மட்டுமே சோதிக்க விதி இடம் தருகிறது. அது மணிக்கு 180 கிலோமீட்டர். உண்மைக் காரோ 300ஐத் தாண்டுகிறது. சுரங்கத்துக் கணக்கும் பாதையின் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவே இந்தச் சட்டம். முதல் நாளில் அதைக் கண்டால் இயல்பு என்பேன். கடைசி நாளிலும் கண்டால் ஐயப்படுவேன்.

என் மூக்கு உடைந்தது 2022இல். காரின் அடித்தளத்தால் காற்றை உறிஞ்சி அழுத்தம் பெறும் புதிய விதிகள் அவ்வாண்டு வந்தன. மார்ச் மாதம் பஹ்ரைனில் மெர்சிடிஸ் அணி, பக்கப் புடைப்புகளைச் சீவி எடுத்தாற்போன்ற காரோடு இறங்கியது. 2014 முதல் 2021 வரை எட்டாண்டுகள் தொடர்ந்து அணிப் பட்டம் வென்றவர்கள் அல்லவா? 'பந்தயம் முடிந்தது' என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டேன்.

நான் பார்த்தது புகைப்படம். பார்த்திருக்க வேண்டியது, நேர்பாதையில் ஓட்டுநரின் தலைக்கவசம் மேலும் கீழும் துள்ளியதை. வேகம் கூடக்கூட அடித்தளம் தரையை நோக்கி இழுக்கப்படுகிறது, இடைவெளி மிகக் குறுகியதும் காற்றோட்டம் தடைப்பட்டு உறிஞ்சல் அறுகிறது, கார் எழும்புகிறது, மீண்டும் உறிஞ்சல் பிறக்கிறது. 1970களின் இறுதியில் லோட்டஸ் கார்கள் அறிந்த பழைய நோய்தான் இது. காரைச் சற்று உயர்த்தினால் துள்ளல் தணியும். கூடவே அழுத்தமும் போய்விடும். மற்ற அணிகளும் துள்ளின. மெர்சிடிஸ் மிகவும் துள்ளியது. அவ்வாண்டின் 22 பந்தயங்களில் அவர்கள் வென்றது பிரேசிலில் ஒன்றே ஒன்று.

இதற்கு நேர்மாறாக, 2009 மார்ச்சில் பிரான் அணி பார்சிலோனாவில் மின்னல் வேகம் காட்டியபோது, விளம்பரதாரரைப் பிடிக்க எரிபொருளைக் குறைத்து ஓட்டுகிறார்கள் என்று ஐயுற்றோர் உண்டு. பட்டன் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்றார். விடை காரின் பின்புற அடியில், இரண்டு அடுக்காக அமைந்த காற்றுப் போக்கியில் இருந்தது. அன்று முதல் பின்புறப் படங்களையும் விடாமல் பார்க்கிறேன்.