ஓவன் போட்டால் கரண்ட் போகிறதா?

நம் சென்னீர்குப்பம், பூந்தமல்லி பக்கத்து மளிகைக் கடைகள் சிலவற்றில், வீட்டுப் பெண்கள் ஓவனில் சுட்டுத் தரும் கேக்கும் பிஸ்கட்டும் கல்லாவின் அருகே விற்பனையாகின்றன. நல்ல வரும்படிதான். ஆனால் மைதா மூட்டை எடுக்க வருகிறவர்கள், "அண்ணாச்சி, ஓவனைப் போட்டா வீடு பூரா கரண்ட் போயிடுது" என்கிறார்கள். அதற்கு அவர்களே செய்து கொள்ளும் வைத்தியத்தைக் கேட்டால் நமக்குப் பதறுகிறது. பிளக்கில் உள்ள பெரிய பின்னை, அதாவது எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்களாம்! டிரிப் ஆவது நின்றுவிடுகிறது, உண்மைதான். கசிகிற மின்சாரமோ ஓவனின் தகரத்திலேயே நின்று, தொடுகிறவர் உடல் வழியே பூமிக்குப் போகக் காத்திருக்கிறது.

மெயின் போர்டில் எது விழுந்தது என்பதை முதலில் பாருங்கள். எம்.சி.பி. விழுந்தால் பளு அதிகம், அல்லது ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டியுள்ளன என்று பொருள். டெஸ்ட் பொத்தான் உள்ள ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது. வீடுகளில் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழுந்துவிடும். அது உயிரைக் காக்க வைத்தது. தொந்தரவு என்று அதை ஒதுக்கி ஒயர் கொடுப்பவர் எலக்ட்ரீஷியனே அல்ல.

ஓவனைச் செருகியதுமே விழுந்தால் ஒயர், பிளக் பக்கம் சந்தேகப்படலாம். சில நிமிடம் சூடேறிய பின் விழுந்தால் பெரும்பாலும் ஹீட்டர் ராடுதான். உலோகக் குழாய் ராடின் உள்ளே, கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். அது ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஓவன் தீபாவளி கழிந்து கேக் சீசனில் டிரிப் ஆவது இதனால்தான். இங்கு எலக்ட்ரீஷியன் மெக்கர் வைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். பிரிட்ஜ், கிரைண்டர் ஒவ்வொன்றிலும் சிறிது கசிந்து, ஓவனோடு சேர்ந்து அளவு மீறுவதும் உண்டு. ஆகவே மற்றவற்றின் பிளக்கையும் எடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிரிப் ஆகவில்லை, சூடும் ஏறவில்லை என்றால் கதை வேறு. பல ஓவன்களில் டைமரைத் திருப்பாவிட்டால் ராடு எரியாது. இதற்காகவே ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. நடுவில் விளக்கு அணைந்து எரிவதும் கோளாறு அல்ல, தெர்மோஸ்டாட்டின் வேலை. டைமர் சரியாக இருந்தும் ஓவன் உயிரற்றுக் கிடந்தால் பிளக் பாயிண்டைச் சோதியுங்கள். டெஸ்டர் எரிகிறதே என்று நம்ப வேண்டாம். நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும். செல்போன் சார்ஜரும் போதாது, லூஸ் கனெக்ஷனில் அது ஓடும். இஸ்திரிப் பெட்டியைச் செருகிப் பாருங்கள்.

2000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் பாயிண்டும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் இதைத் தாங்கா. 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். பின் கறுத்திருந்தால் பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, பாயிண்டையும் சேர்த்து மாற்றுங்கள். மேல் ராடு எரிந்து கீழ் ராடு எரியாவிட்டால் எலக்ட்ரீஷியன் ஓம்ஸ் பார்ப்பார். 1000 வாட் ராடு சுமார் 53 ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது.

மைக்ரோவேவ் ஓவனில் மட்டும் இந்தப் பரிசோதனை எதற்கும் மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் கபாசிட்டரில் 2000 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அது கம்பெனி ஆள் வேலை.

வாரண்டி உள்ள ஓவனை வெளியாளிடம் பிரிக்கக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளரிடம் "பில் இருக்கா?" என்று கேட்கிற நாமே நம் பில்லைத் தொலைத்துவிடுகிறோம். ராடு மாற்றினேன் என்று கூலி கேட்டால் பழைய ராடைக் கேட்டு வாங்குங்கள். எர்த் பின் திரும்பப் பொருத்தப்பட்டதா என்று பார்த்துவிட்டு, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை ஆள் எதிரிலேயே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழவில்லை என்றால் அதையும் மாற்றச் சொல்லிவிட்டுப் பிறகு பணம் கொடுங்கள்.