ஏசிக்காரரின் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது?

சி.டி.எச். சாலையில் அம்பத்தூரிலிருந்து திருமுல்லைவாயில் வழியாக ஆவடிக்குப் போகும்போது கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால், ‘அரசு உரிமம் பெற்றவர்’ என்ற வரி அங்கங்கே கண்ணில் படும். ஏசி பொருத்தித் தருகிறவர், மின்பணி எடுத்துச் செய்கிறவர், இரண்டையும் செய்கிறவர் என்று பலரும் அதை எழுதி வைத்திருப்பார்கள். மார்ச் முடிந்து வெயில் ஏறிவிட்டால் இந்தக் கடைகளில் போன் ஓயாது. கடற்காற்று நகரத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை மொட்டைமாடி காய்ந்துகொண்டே இருக்கும். அவசரத்தில் ஒருவரைக் கூப்பிடுகிறோம். அவர் வந்து சுவரைத் துளைக்கிறார், கம்பி இழுக்கிறார், கேஸ் ஏற்றுகிறார். அவர் பலகையில் இருக்கும் அந்த உரிமம் எதற்கானது, அதைக் காலம் தவறாமல் புதுப்பிக்கவேண்டியது ஏன் என்று, கையில் டீ இருக்கும்போதே நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

நம்மில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஓர் எண்ணம் உண்டு. ஏசி வேலைக்கென்று அரசு ஒரு லைசென்ஸ் தருகிறது, ஐ.டி.ஐ.யில் படித்து வாங்கும் சான்றிதழ்தான் அது, அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் ஆள் முறையானவர் என்று நினைத்துக்கொள்கிறோம். ஏசி மெக்கானிக்குகளிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் ‘ஏசி ஒப்பந்தக்காரர் உரிமம்’ என்று தனியாக ஒன்று கிடையாது. பலகையில் சொல்லும் அரசு உரிமம் மின்பணி ஒப்பந்தக்காரர் உரிமம். ஐ.டி.ஐ. சான்றிதழ் வேறு, இது வேறு.

இந்த வேறுபாட்டில் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் மற்றதெல்லாம் இதைப் பிடித்துத்தான் நிற்கிறது. அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யைப் போன்ற ஓரிடத்தில் குளிர்சாதனத் தொழிற்பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. முடித்துத் தேறியவருக்கு தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். இவர் இன்ன ஆண்டில் இன்னது படித்துத் தேறினார் என்பது அதன் பொருள். நடந்து முடிந்த ஒன்றைச் சொல்வதால் அதற்குக் காலாவதி இல்லை. 1998இல் தேறியவர் இன்றும் தேறியவர்தான். உரிமம் சொல்வது நிகழ்காலத்தை: இந்த நிறுவனத்தில் இன்று தகுதியான ஆட்கள் இருக்கிறார்கள், சரியாக அளக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆகவே இவர்கள் மின்பணி எடுக்கலாம் என்கிறது. ஆட்கள் வேலையை விட்டுப் போவார்கள், கருவி பழுதாகும். அதனால்தான் அந்தத் தாளில் ஒரு தேதி போட்டிருக்கிறது, அந்தத் தேதிக்குமேல் அது செல்லாது. ஏசி தயாரிக்கும் கம்பெனியிடம் ‘அங்கீகரிக்கப்பட்ட டீலர்’ என்று வாங்கிய சான்று இந்த இரண்டிலும் சேராது. அது கம்பெனிக்கும் கடைக்கும் இடையே உள்ள வியாபார ஒப்பந்தம்.

குளிரவைக்கிற பெட்டிக்கு மின்சார உரிமம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஒன்றரை டன் ஏசி நம் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் சுமார் 5,200 வாட். அதைச் செய்ய அது மின்கம்பியிலிருந்து உறிஞ்சுவது ஏறக்குறைய 1,500 வாட், சில மாடல்களில் இன்னும் கூட. மின்விசிறிக்குப் போட்ட மெல்லிய கம்பியில் அதைத் தொடர்ந்து எட்டு மணி நேரம் ஓடவிட்டால் கம்பி சூடேறும், உறை இளகும். அதனால் ஏசிக்குத் தனிக் கம்பி, தனி எம்.சி.பி., நல்ல எர்த் வேண்டும். ஏசி பொருத்துவதில் ஆபத்தான பாதி சுவருக்குள்ளே ஓடுகிற இந்தப் பாதிதான்.

இதைப் பற்றிச் சட்டம் வெகு காலமாகவே பேசிவருகிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி, மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில், மின்னமைப்பு வேலை செய்யவேண்டும் என்றது. பின்னால் மத்திய மின்சார ஆணையம் 2010இலும் 2023இலும் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இதே கருத்து தொடர்கிறது. விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்ற இது தேவையில்லை என்று விலக்கும் உண்டு. ஆனால் அந்த மாற்றம் அமைப்பின் திறனையோ தன்மையையோ மாற்றக்கூடாது. இருக்கிற நல்ல பவர் பிளக்கில் பழைய ஏசியைக் கழற்றிவிட்டு அதே அளவில் புதியது மாட்டுவது ஒரு வகை. விநியோகப் பெட்டியிலிருந்து புதிதாக லைன் இழுத்து மூன்று அறைக்கு மூன்று ஏசி போடுவது வேறு வகை. இரண்டாவதில் வீட்டின் மின்சுமையே கூடுகிறது. ஒப்பந்தக்காரரின் உரிமம் அங்கேதான் உள்ளே வருகிறது.

அந்த உரிமத்தைத் தருவது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. திருமுல்லைவாயிலிலிருந்து போகிறவர் பாடிக்கு வந்து நூறடிச் சாலையைப் பிடித்து நேராகக் கிண்டிக்குப் போகலாம். வாரியம் இரண்டு விதமான தாள்களைத் தருகிறது. ஒன்று நிறுவனத்துக்கு, அதுதான் ஒப்பந்தக்காரர் உரிமம். மற்றது ஆளுக்கு, அதுதான் தகுதிச் சான்றிதழ். மேற்பார்வையாளருடையதை ‘சி லைசென்ஸ்’ என்றும் வயர்மேனுடையதை ‘பி லைசென்ஸ்’ என்றும் வயர்மேன் உதவியாளருடையதை ‘ஹெச் லைசென்ஸ்’ என்றும் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

புதுப்பிப்பதில் சிக்கல் எழுவது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் உள்ள உறவில்தான். கடை முதலாளி தாமே மின்பணி தெரிந்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை. அவர் முதல் போட்டு, ஆள் வைத்து, நிறுவனத்தின் பெயரில் உரிமம் வாங்கலாம். ஆனால் அந்த உரிமம் உயிரோடு இருப்பது அவரிடம் முழு நேரம் வேலை செய்யும் மேற்பார்வையாளரையும் வயர்மேனையும் வைத்துத்தான். அவர்களுடைய சான்றிதழுக்கும் தனித்தனியே தேதி உண்டு. நிறுவனத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கப் போகும்போதுதான் வயர்மேனின் சான்றிதழ் எப்போதோ காலாவதியானது பலருக்குத் தெரியவரும். மேற்பார்வையாளர் நடுவில் வேறு வேலைக்குப் போயிருப்பார், அதை வாரியத்துக்குத் தெரிவித்து வேறொருவரைச் சேர்த்திருக்க மாட்டார்கள். ஒரே மேற்பார்வையாளரின் பெயரை இரண்டு கடைக்காரர்கள் காட்டவும் முடியாது. கட்டணம் கட்டி முத்திரை வாங்குகிற வேலைதானே என்று போகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இந்தக் கண்டிப்பு சரிதான் என்பது என் எண்ணம். நம் வீட்டுச் சுவருக்குள் கம்பி இழுப்பது முதலாளி அல்ல, அந்த வயர்மேன்தான்.

அடுத்தது கருவிகள். அவற்றில் முக்கியமானது மெக்கர். சைக்கிள் கடையில் டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பார்களே, மெக்கர் செய்வது கிட்டத்தட்ட அதுதான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நம் வீட்டில் ஓடும் 230 வோல்ட்டைவிடக் கூடுதலாக 500 வோல்ட் அழுத்தத்தைக் கம்பியில் கொடுத்து, உறையைத் தாண்டி எங்கேயாவது மின்சாரம் கசிகிறதா என்று அது அளக்கும். அந்த மெக்கரே தவறாகக் காட்டினால், கசிகிற கம்பியை நல்லது என்று சொல்லிவிடும். ஆகவே அதையும், எர்த் அளக்கும் கருவி முதலியவற்றையும் சோதனைக்கூடத்தில் சரிபார்த்துச் சான்று வாங்கி வைத்திருக்கவேண்டும். கருவியை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுச் சான்றை மட்டும் புதுப்பிக்கிற வழக்கமும் தொழிலில் உண்டு. வேலை முடிந்ததும் ‘மெக்கர் வைத்துப் பார்த்தீர்களா, எவ்வளவு காட்டியது?’ என்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்டால் அந்த வழக்கம் குறையும். நல்ல ஒப்பந்தக்காரர் இதைக் கேட்டதும் சந்தோஷப்படுவார்.

மின்சாரப் பாதி இப்படி. கேஸ் பாதியில் நிலைமை வேறு. குழாயில் ஓடும் குளிரூட்டும் வாயுவைக் கையாள, மெக்கானிக் ஒவ்வொருவரும் தம் பெயரில் உரிமம் வாங்கி அவ்வப்போது புதுப்பிக்கவேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் இல்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் பிரிவு வழியாகப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, சான்றிதழும் தருகிறார்கள். விரும்பியவர் போகலாம். நேரமில்லாதவர் போகாமலும் இருக்கலாம்.

ஆனால் கேஸ் மாறிக்கொண்டே இருக்கிறது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது, இந்தியா 1992இல் சேர்ந்தது. அதன்படி பழைய பிரிட்ஜுகளில் இருந்த ஆர்-12 வகை வாயுக்களின் உற்பத்தி இங்கே 2008இல் நின்றது. அடுத்து ஆர்-22. நம் வீட்டு ஏசிகளில் பல ஆண்டுகள் ஆண்டது அதுதான். அதை நிரப்பிப் புதிய ஏசி தயாரிப்பது 2024 முடிவோடு நிறுத்தப்பட்டது, பழைய ஏசிகளின் பராமரிப்புக்கு மட்டும் இன்னும் கிடைக்கிறது. இப்போது கடையில் வாங்கும் ஏசியில் பெரும்பாலும் ஆர்-32 இருக்கும். சில மாடல்களில் ஆர்-290, அதாவது புரோப்பேன். நம் சமையல் சிலிண்டரில் கலந்திருக்கிற அதே புரோப்பேன்.

ஆர்-22 தீப்பற்றாது. ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது, குழாய்க்குள் அதன் அழுத்தம் ஆர்-22ஐப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆர்-290 நன்றாகவே பற்றும். ஆர்-22 காலத்தில் கைப்பழக்கமாக வந்த சில குறுக்குவழிகள் இன்று ஆபத்தாகிவிட்டன. புதுக் குழாய்க்குள் இருக்கும் காற்றை வேக்குவம் பம்ப் வைத்து இழுக்காமல், ஏசியில் இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளுவது அதில் ஒன்று. பத்து நிமிடம் மிச்சம். தீப்பற்றும் வாயுவைத் திறந்துவிடுகிறோம் என்பதோடு, காற்றும் ஈரமும் குழாயில் தங்கி கம்ப்ரசரின் ஆயுளைத் தின்னும். குழாயில் மிச்சக் கேஸ் இருக்கும்போதே டார்ச் வைத்து இணைப்பை ஒட்டுவது இன்னொன்று. இப்படிச் செய்கிற மெக்கானிக் திறமையில்லாதவர் அல்லர். அவர் கற்றுக்கொண்ட நாளில் அது பற்றாத வாயு.

மற்ற ஊர்களில் எப்படி என்று பார்ப்போம். அமெரிக்காவில் வீட்டைக் குளிரவைப்பதும் சூடாக்குவதும் ஒரே ஒப்பந்தக்காரர் வேலை. அங்கேயும் இரண்டு விதத் தாள். வாயுவைக் கையாள மத்திய அரசின் சான்றிதழ் 1994இலிருந்து கட்டாயம், ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் செல்லும். ஒப்பந்தக்காரர் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சஸில் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும், அதற்கு 8 மணி நேர வகுப்பில் உட்கார்ந்திருக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டம், வாயுவைத் தொடுகிறவர் 7 ஆண்டுக்கு ஒருமுறையாவது பாடத்தைப் புதுப்பித்துக்கொள்ளவேண்டும் என்கிறது. நமக்குப் பொருந்தும் வழி இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் கட்டணம் போட்டு, அபராதம் காட்டி அல்ல. மழைக்காலத்தில் வேலை குறைந்திருக்கும்போது, பக்கத்து ஐ.டி.ஐ.யிலேயே, அன்றைய கூலி இழப்பையும் ஈடுகட்டி இரண்டு நாள் வகுப்பு நடத்தினால் திருமுல்லைவாயில், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து மெக்கானிக்குகள் வந்து உட்காருவார்கள்.

மின்பணி உரிமத்தைப் புதுப்பிக்கவும் அந்த மாதங்கள்தான் வசதி. சித்திரையில் தேதி முடிகிறது என்றால் பலர் சீசன் போகட்டும் என்று தள்ளிவிடுகிறார்கள். அந்தச் சீசனில்தான் புது லைன் வேலை அதிகம். வீட்டுக்காரர் கூடுதல் மின்சுமை கேட்டு இ.பி. ஆபீசுக்குப் போகும்போது, ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்ட வேலை முடிப்பு அறிக்கை கேட்டால், தேதி முடிந்த உரிம எண்ணை எழுதிக் கொடுத்துப் பயனில்லை. கருவிச் சோதனை, ஆட்களின் சான்றிதழ் இரண்டுக்கும் நாள் பிடிக்கும். மார்கழியிலேயே தொடங்கிவிட்டால் பங்குனிக்குள் கையில் வந்துவிடும்.

இதைப் படிப்பவர்களில் ஏசி வேலை தெரிந்த, ஆனால் மின்பணிக்கான தாள் எதுவும் இல்லாத தம்பி யாராவது இருந்தால் அவருக்கு ஒரு சேதி. அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடத்துகிறது. வயரிங் தொழிலில் ஐந்தாண்டு அனுபவம், 21 வயது நிறைவு என்பவை அதற்கான தகுதிகள். மேல் வயது வரம்பு இல்லை. செய்முறைத் தேர்வு அரசு ஐ.டி.ஐ.க்களில் நடக்கும். அறிவிப்பு நாளிதழ்களில் வரும்போது தவறவிடாமல், வேலை செய்த ஒப்பந்தக்காரரிடம் அனுபவச் சான்றை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. ஒப்பந்தக்காரரின் உரிமம் அன்று நடப்பில் இருந்தால்தான் அவர் தரும் அனுபவச் சான்றுக்கும் எடை. அவருடைய தாளில் இருக்கும் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.