வி.சி.இ. மீடியா: படம் பார்ப்பதும் ஒரு பாடமா?

மெல்பர்னின் கிளேட்டன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், ஜூலை, ஆகஸ்டில் பள்ளி இறுதிச் சான்றிதழான வி.சி.இ.யின் பாடத் தேர்வுதான் பேச்சு. மெத்தட்ஸும் கெமிஸ்ட்ரியும் பேசாமலே முடிவாகிவிடும். "மீடியா எடுக்கட்டுமா அப்பா?" என்று பிள்ளை கேட்டால்தான் வீடு இரண்டுபடும். தமிழ்நாட்டில் பிளஸ் டூவோ யாழ்ப்பாணத்தில் ஏ.எல்.லோ படித்து வந்த பெற்றோருக்கு அந்தக் காலத்தில் இப்படியொரு பாடம் பழக்கமில்லை. தயங்குவது இயல்பு. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லலாமே.

விக்டோரியாவில் பள்ளிப் பிள்ளை சினிமா படிப்பது பெரும்பாலும் மீடியா என்ற பாடத்தின் வழியாகத்தான். இப்போதைய பாடத்திட்டம் 2024இல் தொடங்கியது. 2028 வரை நடப்பில் இருக்கும். மொத்தம் நான்கு யூனிட். முதல் இரண்டும் வழக்கமாகப் பதினோராம் வகுப்பில், மூன்றும் நான்கும் பன்னிரண்டில்.

வகுப்பில் நடப்பதைப் புரிந்துகொள்ள நமக்குத் தெரிந்த படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர் பாலு மகேந்திரா. அவருடைய 'வீடு' 1988இல் வந்தது. பாட்டே கிடையாது. இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பின் இசைதான் பின்னணியில். பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தாத்தாவாக நடிக்கும் சொக்கலிங்க பாகவதர் வருகிறார். சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். நமக்குத் தொண்டை அடைக்கிறது. ஏன்? கேமரா எங்கே நிற்கிறது, ஷாட் எவ்வளவு நேரம் ஓடுகிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, இசை எப்போது நுழைகிறது? எண்பதுகளின் சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சொந்த வீடு என்றால் என்ன? இந்த மாதிரிக் கேள்விகளுக்குக் காட்சியைச் சுட்டிக்காட்டிப் பதில் எழுதுவதுதான் படிப்பு. எழுத வராத பிள்ளைக்கு இது சுலபமான பாடம் அல்ல.

மற்றொரு பாதி, சொந்தமாக எடுப்பது. படம் என்று முடிவு செய்தால் 3 முதல் 10 நிமிடத்துக்குள், டைட்டில் உட்பட. எனக்குப் பிடித்த பகுதி இதற்கு முன்னால் வரும் திட்டக் கோப்பு. அம்மா இரவு ஷிப்டுக்குக் கிளம்புவதைப் பற்றி ஒரு மகள் படம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காக இந்தப் படம், பார்ப்பவர் மனதில் என்ன நிற்க வேண்டும் என்று முதலில் எழுத வேண்டும். பிறகு திரைக்கதை, ஸ்டோரிபோர்டு, ஷாட் பட்டியல்: "ஷாட் 4, சமையலறை, குளோசப், டிபன் பாக்ஸை மூடும் கை." கிளேட்டன் ஸ்டேஷன் 2018இல் மேம்பாலத்துக்கு ஏறிவிட்டது, பிளாட்பாரத்தில் அம்மா பேசினால் காற்றும் ரயிலும் வசனத்தை விழுங்கிவிடும். அதனால் அந்த இடத்தில் வசனமே வேண்டாமென்று அவள் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஜூனில் ஐந்து மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும்; பள்ளி விட்டு வந்து பகல் காட்சி எடுக்க நேரம் இருக்காது. இந்தக் கணக்கெல்லாம் தாளில் ஏறிய பிறகுதான் கேமரா. எடுத்து, வெட்டி ஒட்டி, பிறரிடம் காட்டிக் கருத்துக் கேட்டுத் திருத்துவது வரை எல்லாம் வேலையில் சேர்த்தி. சித்தியும் தம்பியும் நடிக்கலாம். படைப்பு பிள்ளையுடையதாக இருக்க வேண்டும்.

மதிப்பெண்ணில் திட்டமும் படமும் சேர்ந்து 40 சதவீதம். ஆண்டிறுதித் தேர்வு 40. மீதி 20 வகுப்பு மதிப்பீடுகள்.

பாடத்துக்குப் பாடம் மதிப்பெண்ணை ஏற்றி இறக்கும் ஸ்கேலிங் பற்றிய பயம் நியாயமானதே. மீடியா மதிப்பெண் வழக்கமாகச் சற்று இறங்கும். ஆனால் பல்கலைக்கழக நுழைவுக்கான ஏடார் தரவரிசைக் கணக்கில் ஆங்கிலமும் மிகச் சிறந்த மூன்று பாடங்களும்தான் முழுதாகச் சேரும். ஐந்தாவது, ஆறாவது பாடங்களில் பத்திலொரு பங்குதான். மீடியா அங்கே போய் நின்றால் இழப்பு சொற்பம். மாறாக, மனம் ஒட்டாமல் எடுத்த பாடத்தில் 25 வாங்குவதைவிட, விரும்பிப் படித்து மீடியாவில் 40 வாங்கினால் இறங்கியும் லாபம்தான். மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போகும் பிள்ளை கட்டாய முன்பாடங்களை எடுத்த பிறகு இதையும் எடுக்கலாம். ஒன்றை ஒன்று தடுக்காது.

சினிமாவையே தொழிலாக நினைக்கும் பிள்ளைக்கு அந்தக் குறும்படம் இன்னும் முக்கியம். சவுத்பேங்கில் உள்ள விக்டோரியன் காலேஜ் ஆஃப் தி ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் மாணவரின் படைப்புகளையும் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

எல்லாப் பள்ளியிலும் மீடியா கிடையாது. முதலில் அதை விசாரியுங்கள். கேமராவும் எடிட்டிங் கம்ப்யூட்டரும் பள்ளியே தருமா என்றும் கேளுங்கள். வி.சி.இ. மாணவர்கள் எடுத்தவற்றில் தேர்ந்த படங்களை 'டாப் ஸ்க்ரீன்' என்ற பெயரில் ஃபெடரேஷன் ஸ்கொயரில் உள்ள ஏ.சி.எம்.ஐ. திரை அருங்காட்சியகத்தில் திரையிடுகிறார்கள். பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பிள்ளையோடு போய் அதை ஒருமுறை பாருங்கள்.