ஒலியும் கையும்: பார்வையற்ற குழந்தையின் தவழ்தல் தாமதம்

பிறவியிலேயே பார்வையற்ற குழந்தை காலந்தாழ்ந்து தவழ்வதைத் தசை வலுவின்மை என்றோ அறிவுக்குறை என்றோ கொள்வாருளர். அமெரிக்காவின் மிச்சிகனில் இத்தகைய குழந்தைகளை அவர்தம் இல்லங்களிலேயே தொடர்ந்து உற்றுநோக்கிய செல்மா ஃப்ரைபெர்க்கின் ஆய்வு (1977) இக்கருத்திற்கு இடந்தரவில்லை. வேறு குறைபாடற்ற அக்குழந்தைகள் ஏறத்தாழ உரிய பருவத்திலேயே உட்கார்ந்தனர். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றவும் செய்தனர். ஆயினும் முன்னோக்கி நகரவில்லை.

பார்வையுள்ள குழந்தை ஐந்தாம் மாத அளவில் கண்ட பொருளை எட்டிப் பிடிக்கிறது. பார்வையற்ற குழந்தையோ, ஒலியை மட்டுமே கொண்டு அங்கொரு பொருள் இருப்பதை உணர்ந்து கைநீட்டுவது முதலாண்டின் பிற்பகுதியில்தான். அதன் பின்னரே தவழ்தல் தொடங்குகிறது. கண் இல்லாவிடத்துக் காது உடனே துணைநிற்கும் என்னும் நம் எளிய நம்பிக்கை இங்குப் பொருந்தவில்லை.

எனவே தொடக்க மாதங்களில் எட்ட நின்று கிலுகிலுப்பையை ஆட்டி அழைப்பதால் பயன் குறைவு. முதலில் அதனைக் கையில் கொடுத்துத் தடவச்செய்து, பின்னர் அருகிலேயே ஒலிக்கச்செய்தல் வேண்டும். தாயின் குரல் கேட்டதும் குழந்தை அசைவற்றிருப்பதை ஆர்வமின்மை எனப் பெற்றோர் வருந்துவதுண்டு. அது பெரும்பாலும் கூர்ந்து கேட்கும் நிலையாகும். அவ்வேளையில் முகத்தைவிட விரல்களை நோக்குதல் தகும்.