நின்றது மறுபடி வந்தால்...

மாதவிலக்கு நின்று ரெண்டு வருஷம் ஆச்சு. திடீரென்று ஒருநாள் புடவையில் துளி ரத்தக்கறை. 'உடம்புச் சூடு, இளநீர் குடிச்சா சரியாயிடும்' என்று விட்டுவிடுகிறீர்களா? கூடவே கூடாது!

தொடர்ந்து 12 மாதம் வராதிருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். பயப்படாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்து, பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து வறண்டுபோவதே பலருக்கும் காரணம், களிம்பிலேயே குணமாகும். ஆனால், கர்ப்பப்பையின் உள்சவ்வில் வரும் புற்றுநோய்க்கும் இதுதான் முதல் அறிகுறி. பருமனானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் உஷாராக இருக்கணும்.

ஸ்கேனில் அந்தச் சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால், துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுப்பதோடு குணமாகிவிடும். 'இந்த வயசில் இதையெல்லாம் எப்படிச் சொல்றது' என்று மகளிடம்கூட மறைத்து மாசக்கணக்கில் கடத்துகிறோமே, அதுதான் வினை.

போகும்போது, கடைசியாக மாதவிலக்கான தேதியையும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் குறித்துக்கொண்டு போங்கள்.