தன் காபியின் சுவையை அறியாத விவசாயி



காபித்தூள் அரைக்கும் கடையில் நாம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான். சிக்கரி எவ்வளவு சேர்ப்பது? பீபரியா, பிளான்டேஷனா? அந்தக் கொட்டையை விளைவித்தவருக்குக் கிலோவுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரருக்குத் தெரியாது. அது அவர் குற்றமல்ல, காபி வணிகம் அமைந்திருக்கும் விதமே அப்படி. ஆனால் இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. உலகின் காபியில் பெரும்பகுதியை விளைவிப்பவர்கள் சிறிதளவு நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். தங்கள் காபி எங்கே போகிறது, அதன் தரம் என்ன, வெளியே அதற்கு என்ன விலை என்பது அவர்களில் பலருக்கே தெரியாது. அவர்களது வறுமைக்கு நிலம் குறைவாக இருப்பது மட்டும் காரணமல்ல, இந்த அறியாமையும் ஒரு காரணம். கூட்டுறவுச் சங்கம் ஒன்று இதை எவ்வாறு மாற்றியது என்பதை மெக்சிகோ நாட்டு மலைப்பகுதியின் வரலாற்றிலிருந்து பார்ப்போம். அந்த வரலாற்றில் நமது திருச்சபைக்கும் இடம் உண்டு.

மெக்சிகோவின் தெற்கே வஹாக்கா மாநிலத்தில் தெவாந்தெபெக் மறைமாவட்டம் உள்ளது. அங்குள்ள மலைக் கிராமங்களில் சபோடெக், மிஹே முதலிய பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காபி பயிரிட்டு வருகிறார்கள். 1971 முதல் 2000 வரை அங்கு ஆயராக இருந்தவர் ஆர்த்துரோ லோனா ரேயெஸ். ஏழைகளின் ஆயர் என்று மக்களால் அழைக்கப்பட்ட இவர், பலமுறை கொலை முயற்சிகளுக்குத் தப்பியவர். 2020இல் இறைவனடி சேர்ந்தார். இவரது மறைமாவட்டத்திற்கு 1980ஆம் ஆண்டளவில் வந்து சேர்ந்தவர் ஃபிரான்ஸ் வான் டெர் ஹோஃப் என்ற ஹாலந்து நாட்டுக் குருவானவர். இறையியலும் பொருளாதாரமும் கற்றவர். சிலி நாட்டில் பணியாற்றிக் கொண்டிருந்தபோது 1973இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததால் அங்கிருந்து வெளியேறி மெக்சிகோ வந்தார். வஹாக்காவில் குருவாக மட்டும் வாழாமல், தாமும் காபிச் செடி வளர்த்து, அந்த உழைப்பில் உண்டு வாழ்ந்தார்.

அந்த மலைகளில் அவர் கண்டது என்ன? அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வீட்டில் சோளமும் இருக்காது, காசும் இருக்காது. அப்போது வியாபாரி வந்து கடன் கொடுப்பார். வரப்போகும் காபியே அதற்கு ஈடு. அறுவடை வந்ததும் அவர் சொன்னதே எடை, அவர் சொன்னதே விலை. தராசும் அவருடையது, மலையிலிருந்து மூட்டையை இறக்கும் வண்டியும் அவருடையது. அங்குள்ள மக்கள் இந்த இடைத்தரகர்களைக் 'கொயோட்டே' என்கிறார்கள். கொயோட்டே என்பது அந்த நாட்டில் திரியும் ஓநாய் இனத்து விலங்கு. நம் ஊராக இருந்தால் நரி என்றிருப்போம்.

கிராமத்தினர் கூடிப் பேசினார்கள். காபி யாருக்குப் போகிறது, கடன் எவ்வளவு, நகரத்தில் விலை என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள். இப்படிப் பேசிப் பேசித்தான், 1983இல், இஸ்த்மஸ் பகுதிப் பூர்வகுடிச் சமூகங்களின் ஒன்றியம் உருவாயிற்று. அதன் ஸ்பானிய எழுத்துகளைச் சேர்த்து 'உசிரி' என்று சொல்வார்கள். பின்னாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் இணைந்தன. சங்கம் வாங்கிய முதல் ஆயுதம் தராசு என்று சொன்னால் மிகையாகாது. சொந்தமாக எடை போடத் தெரிந்துவிட்டால் ஏமாற்றுவது கடினம். மலைப்பாதைக்குப் பேருந்து விட்டார்கள், பலசரக்குக் கடை திறந்தார்கள், விவசாயிகளின் பிள்ளைகளுக்கு வேளாண் பள்ளியும் தொடங்கினார்கள். இலாபம் இழந்தவர்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சங்கத்தைச் சார்ந்தவர்கள் பலர் அந்த ஆண்டுகளில் கொலை செய்யப்பட்டார்கள். கூட்டுறவு என்றதும் நமக்கு ரேஷன் கடையும் நகைக்கடனும் நினைவுக்கு வருகின்றன. அந்த மக்கள் அதற்காக இரத்தம் சிந்தியிருக்கிறார்கள்.

தரத்திற்கும் சங்கத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். காபி எப்படிப் பக்குவமாகிறது என்று தெரிந்தால் இது விளங்கும். ஒரே கிளையில் பச்சைக்காயும் செங்காயும் சிவந்த பழமும் ஒன்றாக இருக்கும். சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டுமானால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை போக வேண்டும். பறித்த அன்றே தோல் உரிக்க வேண்டும். பிறகு கொட்டையின்மேல் ஒட்டியிருக்கும் வழவழப்பு நீங்கத் தொட்டியில் புளிக்க வைக்க வேண்டும். தட்பவெப்பத்தைப் பொறுத்து அரை நாளும் ஆகலாம், ஒன்றரை நாளும் ஆகலாம். நேரம் தவறினால் புளித்த வாடை கடைசிவரை போகாது. நல்ல தண்ணீரில் கழுவி, ஈரப்பதம் 11, 12 விழுக்காட்டுக்கு வரும்வரை களத்தில் கிளறிக் கிளறி உலர்த்த வேண்டும். ஏறக்குறைய ஐந்து ஆறு கிலோ பழத்திற்கு ஒரு கிலோ காபிக்கொட்டை தேறும். இவ்வளவும் செய்தபின், வருகிற வியாபாரி நல்லதையும் மட்டமானதையும் ஒரே விலைக்கு எடுத்து ஒரே மூட்டையில் கொட்டுவார் என்றால், எந்த விவசாயி நான்கு முறை செடிக்குப் போவார்? பச்சையும் சிவப்புமாக ஒரே உருவாக உருவிப் போடுவதுதான் அவருக்கு அறிவுடைமை. விவசாயிக்குத் தர உணர்வு இல்லை என்று குறை சொல்பவர்கள் இதை எண்ணிப்பார்ப்பதில்லை. தரத்திற்கு விலை கிடைக்காத இடத்தில் தரம் இராது.

தனியொரு விவசாயியின் இரண்டு மூட்டையை எந்த ஏற்றுமதியாளரும் தனியாகப் பிரித்து வைத்துச் சுவை பார்க்கப் போவதில்லை. ஐம்பது பேர் ஒரே முறையில் பக்குவம் செய்து ஒன்றாகச் சேர்த்தால்தான் அதற்குப் பெயரும் விலையும் உண்டு. ஒருவர் ஏமாற்றினால் ஐம்பது பேரின் காபியும் கெடும் என்பதால் ஒருவரையொருவர் கவனிக்கும் பொறுப்பும் வந்துவிடுகிறது. உசிரி சங்கத்தினர் 1980களிலேயே இரசாயன உரத்தை விட்டு, பழத்தோலை மக்கவைத்து உரமாக இட்டு, இயற்கைவழிக் காபிக்கு மாறினார்கள். சிறு விவசாயிகள் சங்கங்களுள் இதைச் செய்த முன்னோடிகள் அவர்கள்.

ஆனால் விற்பது யாரிடம்? உதவி செய்ய வந்த ஐரோப்பியரிடம் இந்த மக்கள் சொன்னது, எங்களுக்குப் பிச்சை வேண்டாம், எங்கள் காபிக்கு நியாயமான விலை கொடுங்கள் என்பதுதான். வான் டெர் ஹோஃப் அடிகள், ஹாலந்தில் பல திருச்சபைகள் இணைந்து நடத்திய சோலிடாரிடாட் என்ற அமைப்பின் நிக்கோ ரோசன் என்பவரோடு இதற்கு வழி தேடினார். 1988 நவம்பரில் 'மாக்ஸ் ஹாவெலார்' என்ற முத்திரை பிறந்தது. ஜாவா தீவுக் காபி விவசாயிகள் ஹாலந்து ஆட்சியில் பட்ட துன்பத்தைச் சொல்லும் 1860ஆம் ஆண்டு நாவலின் பெயர் அது. ஹாலந்து மக்களின் மனச்சான்றைத் தொடுவதற்கென்றே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்! தனிக்கடை எதுவும் திறக்கவில்லை. எல்லோரும் போகும் கடையில் விற்கும் காபிப் பொட்டலத்தின்மேல் முத்திரை இருக்கும். விவசாயிகள் சங்கத்திற்குக் குறைந்தபட்ச விலை கொடுத்து வாங்கப்பட்டது என்பதே அதன் பொருள். இன்று பல நாடுகளில் காணப்படும் நியாய வணிக முத்திரைகளுக்கு இதுவே முன்னோடி.

மறு ஆண்டே சோதனை வந்தது. நாடுகளுக்கிடையே காபி ஏற்றுமதியின் அளவைக் கட்டுப்படுத்தி வந்த பன்னாட்டுக் காபி ஒப்பந்தம் 1989 ஜூலையில் முறிந்தது. சில மாதங்களில் உலக விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. விவசாயிகளிடம் காபி வாங்கிவந்த மெக்சிகோ அரசு நிறுவனமும் கொள்முதலைக் கைவிட்டது. 2001இல் நிலைமை இன்னும் மோசமாகி, ஒரு பவுண்டு, அதாவது 453 கிராம் காபி, 50 சென்ட்டுக்கும் கீழே போனது. அந்த ஆண்டிலும் நியாய வணிகத்தில் விற்ற சங்கங்களுக்குப் பவுண்டுக்கு 1 டாலர் 26 சென்ட் கிடைத்தது. ஆயினும் சங்கத்தின் எல்லாக் காபியும் இந்த விலைக்குப் போகவில்லை. முத்திரையோடு வாங்குவோர் எவ்வளவு கேட்டார்களோ அவ்வளவுதான். மீதி பொதுச் சந்தைக்கே போயிற்று. இதைச் சொல்லாமல் நியாய வணிகத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

குறைந்தபட்ச விலை விழாமல் தாங்கும். உயர வேண்டுமானால் சுவை வேண்டும். இந்தப் பாடத்திற்கு ஆப்பிரிக்காவின் ருவாண்டாவைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1994இன் இனப்படுகொலைக்குப் பிறகு, மராபா என்ற இடத்தில் 1999இல் விவசாயிகள் ஒரு சங்கம் அமைத்தார்கள். படுகொலையில் கணவரை இழந்த பெண்கள் பலர் அதில் உறுப்பினர்கள். அதுவரை வீட்டுக்கு வீடு தோல் உரித்து, கிடைத்த தண்ணீரில் கழுவி விற்றதால் ருவாண்டாக் காபி மலிவுச் சரக்காகவே போய்க்கொண்டிருந்தது. 2001இல், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் ருவாண்டா தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய 'பேர்ல்' திட்டத்தின் உதவியோடு, சங்கத்திற்குப் பொதுவான கழுவும் நிலையம் கட்டினார்கள். அத்துடன் உள்ளூர் இளைஞர்களுக்குக் காபியைச் சுவைத்துத் தரம் பிரிக்கவும் பயிற்சி அளித்தார்கள்.

என்னைக் கேட்டால், கட்டடத்தைவிட இந்தச் சுவைப் பயிற்சியே பெரிய உதவி. ருவாண்டாவில் காபி பயிரிடுவோர் பெரும்பாலும் காபி குடிப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் விளைவித்ததை ஒருமுறையும் நாவில் வைத்துப் பார்த்ததில்லை. அந்தப் பகுதியில் ஒருவகைப் பூச்சி பழத்தைத் துளைப்பதோடு தொடர்புடைய குறை ஒன்று உண்டு. பச்சை உருளைக்கிழங்கு வாடை அடிக்கும். அத்தகைய ஒரு கொட்டை சேர்ந்தாலும் அந்தக் கோப்பை முழுவதும் வீணாகும். சுவைத்தவருக்குத்தான், தண்ணீரில் மிதக்கும் பழத்தை நீக்குவதும் துளைபட்ட கொட்டையைக் கையால் பொறுக்குவதும் ஏன் என்று புரியும். வாங்க வருபவர் 'உன் காபி மட்டம்' என்றால், 'இல்லை ஐயா, நாங்களும் சுவைத்துப் பார்த்தோம்' என்று பதில் சொல்லவும் முடியும். 2003 முதல் மராபாக் காபி இங்கிலாந்துக் கடைகளில் அதன் சொந்தப் பெயரிலேயே விற்பனைக்கு வந்தது. 2008இல் 'கப் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்ற பன்னாட்டுத் தரப் போட்டி ஆப்பிரிக்காவில் முதன்முறையாக நடந்தது ருவாண்டாவில்தான்.

புனித ஆறாம் பவுல் 1967இல் வெளியிட்ட பொப்புலோரும் ப்ரோக்ரெசியோ என்ற சுற்றுமடலில், வலிமை சமமில்லாத இருவருக்கிடையே சந்தை விலை மட்டும் நீதியாகிவிடாது என்று கற்பித்தார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009இல் எழுதிய காரித்தாஸ் இன் வெரித்தாத்தே சுற்றுமடல் ஒருபடி மேலே போகிறது. ஏழை நாடுகளின் விளைபொருள்களை விற்கும்போது உற்பத்தியாளருக்குக் கூடுதல் பங்கு கொடுத்தால் மட்டும் போதாது, பயிற்சியும் தொழில் திறனும் தொழில்நுட்பமும் சேர்ந்து வளர வேண்டும் என்கிறது. தராசு, கழுவும் நிலையம், சுவைக்கூடம் என்று மலைமக்கள் அனுபவத்தில் கண்டதும் இதுவே. நாமோ தவக்காலத்தில் உண்டியலில் போடுவதோடு நீதி முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

சங்கங்களுக்குள்ளும் குறைகள் இல்லாமல் இல்லை. பழம் பறிப்பதும் கொட்டை பொறுக்குவதும் பெரும்பாலும் பெண்கள். உறுப்பினர் அட்டையும் பணமும் பல இடங்களில் ஆண்களின் பெயரில். கணக்கைக் காட்டாத தலைவர்களால் அழிந்த சங்கங்களும் உண்டு. 2012க்குப் பின் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பரவிய இலைத்துரு நோய் பல தோட்டங்களை மொட்டையாக்கியது. நோய் தாங்கும் கன்றை நட்டாலும் காய்க்க மூன்று ஆண்டு ஆகும். இளையோர் அதுவரை காத்திராமல் வடக்கே அமெரிக்காவுக்கு வேலை தேடிப் போகிறார்கள்.

இப்போதோ சோதனை வேறு உருவில் வந்திருக்கிறது. நியாய வணிகத்தின் குறைந்தபட்ச விலை 2023 ஆகஸ்டில் பவுண்டுக்கு 1 டாலர் 80 சென்ட்டாக உயர்த்தப்பட்டது. ஆனால் 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தை விலையே 4 டாலரைத் தாண்டியது. விலை உயர்ந்தால் சங்கத்திற்கு நல்லதுதானே என்று நினைப்போம். நடப்பது வேறு. சங்கம் காபியை வாங்கும்போது ஒரு பகுதிப் பணம் கொடுத்து, மீதியை ஏற்றுமதி முடிந்தபின் சில மாதம் கழித்துக் கொடுக்கும். கொயோட்டேயோ முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நிற்கிறார். மகளுக்கு மருத்துவச் செலவு இருக்கும் தாய் யாரிடம் விற்பார்? அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அப்படிப் பாதிப் பேர் வெளியே விற்றால், முன்கூட்டியே குறைந்த விலைக்கு ஒப்பந்தம் போட்ட சங்கம், சொன்ன மூட்டையைக் கொடுக்க முடியாமல் கடனில் விழும். அடுத்து விலை சரியும் ஆண்டில் அந்தத் தாய் திரும்பிவரச் சங்கம் இருக்காது.

எனவே சங்கங்களுக்கு இன்று மிகத் தேவையான உதவி அறுவடைக்கு முந்தைய கடன். வாங்குபவர், சங்கம் கேட்டால், ஒப்பந்தத் தொகையில் 60 விழுக்காடு வரை முன்பணமாகத் தர வேண்டும் என்று நியாய வணிக விதி சொல்கிறது. திருச்சபை சார்ந்த சில நிதி அமைப்புகளும் குறைந்த வட்டியில் இத்தகைய கடன் தருகின்றன. மெக்சிகோ மலைகளில் பழம் சிவக்கத் தொடங்குவது நவம்பர் மாதம். அக்டோபருக்குள் அந்தப் பணம் சங்கத்தின் கைக்கு வந்து சேர்ந்தால், எடை போடும் அன்றே உறுப்பினர் கையில் காசு கொடுக்க முடியும்.