எல்லையோரத்துப் பெய்த் ஹனூன்

காசாவின் வடகிழக்கு மூலையில், ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோப்புகளுக்குப் பிரசித்தி பெற்றிருந்த பெய்த் ஹனூன், இஸ்ரேலிய எல்லைக்குச் சமீபத்தில் அமைந்த காரணத்தினாலேயே, டாங்கிகள் மீண்டும் மீண்டும் பிரவேசிக்கும் ஸ்தலமாயிற்று. ராக்கெட் ஏவுவோருக்கு மறைவிடமாகின்றன என்று சொல்லி, ராணுவ புல்டோசர்கள் அவ்விருட்சங்களை வேரோடு சாய்த்தன. தலைமுறைகளின் ஜீவனம் அவற்றோடு போயிற்று. 2006 நவம்பர் 8 அன்று விடியற்காலையில், உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்களின் வீடுகள்மேல் பீரங்கிக் குண்டுகள் விழுந்து, குழந்தைகளும் ஸ்திரீகளும் உட்பட 19 பேர் மாண்டனர். இயந்திரக் கோளாறு என்றது இஸ்ரேல். அந்தச் சமாதானம் என் மனத்துக்கு ஒப்பவில்லை. ஐ.நா. சார்பில் விசாரிக்கப் புறப்பட்ட பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, இஸ்ரேல் அனுமதியாமையால், 2008-இல் எகிப்து வழியாகவே அங்கே செல்ல நேர்ந்தது. 2014 ஜூலையில் ஐ.நா. பள்ளியில் தஞ்சம் புகுந்திருந்த ஜனங்களும் குண்டுகளுக்கு இரையாயினர். 2023 அக்டோபரில் மூண்ட யுத்தத்திலோ, ஊரே பெரும்பாலும் இடிபாடாயிற்று.